2147483647: ஒரு பெரிய பகா எண்ணை அக்குவேறு ஆணிவேறாக ஆராய ஒரு முழு வழிகாட்டி

ஒரு பெரிய பகா எண்ணை எடுத்து, அது பகா எண்தான் என்று நிரூபித்து, அதன் முதன்மை மூலத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டாக வைத்து வர்க்கமூலமும் நேர்மாறும் எடுத்து, கடைசியில் எல்லாம் சரியா என்று ஒரே எண்ணால் சோதித்துப் பார்ப்பது வரை இங்கே செய்யப் போகிறோம். எடுத்துக்கொள்ளும் எண் 2147483647, அதாவது 2³¹ − 1. இனி இதை 'ப' என்று எழுதுகிறேன். பத்து இலக்கம்தான் என்பதால் பாதியைத் தாளிலும் மீதியைக் கணினியிலும் செய்துவிடலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேலையின் வரிசையில். ப-வையே வெறித்துப் பார்த்துக்கொண்டு 3 ஆல், 7 ஆல், 11 ஆல் வகுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ப-வைப் பற்றி நமக்கு வேண்டிய செய்தி அநேகமாக எல்லாமே அதன் இரு பக்கத்து எண்களான ப − 1, ப + 1 ஆகியவற்றுக்குள் கிடக்கிறது. அவற்றை முதலில் உடைத்து வைத்தால் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் சில வரிகளில் முடியும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

மட்டு எண்கணிதம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் வரும் அளவு போதும்: அ ≡ ஆ (மட்டு ப) என்றால் இரண்டின் வித்தியாசம் ப ஆல் மீதியின்றி வகுபடும். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ப பகா எண், அ அதன் மடங்கு அல்ல என்றால், அ-வின் (ப − 1) ஆம் அடுக்கு மட்டு ப-வில் 1.

கருவியைப் பொறுத்தவரை ஒரே நிபந்தனை: 19 இலக்க முழு எண்ணைத் துல்லியமாகக் கையாள வேண்டும். ப-வைவிடச் சிறிய இரண்டு எண்களைப் பெருக்கினால் விடை 2⁶² வரை போகும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் 2⁵³-க்கு மேல் நம்பத்தக்கவை அல்ல. அங்கே பிக்இன்ட் வகையைப் பயன்படுத்த வேண்டும். சி, ஜாவா போன்றவற்றில் 64 பிட் முழு எண் வகை போதும். பைத்தானில் இந்தக் கவலையே கிடையாது. முதல் முறை செய்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

32 பிட் எண் வகையை வைத்து இதைத் தொடவே தொடாதீர்கள். குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பே நம்முடைய ப. அதோடு 1 கூட்டினால் பல மொழிகளில் −2147483648 வந்து நிற்கும். ப + 1 நமக்கு அடிக்கடி வேண்டியிருக்கும்.

2. பக்கத்து எண்களை உடைத்தல்

ப + 1 எளிது. அது 2³¹. வேறு காரணியே இல்லை. இந்த எண்ணை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

ப − 1 = 2³¹ − 2 = 2 × (2³⁰ − 1). அடைப்புக்குள் இருப்பதை (2¹⁵ − 1)(2¹⁵ + 1) என்று பிரிக்கலாம். அதாவது 32767 × 32769. இரண்டும் ஐந்திலக்க எண்கள், கையாலேயே உடைந்துவிடும்:

32767 = 7 × 31 × 151
32769 = 3² × 11 × 331

ஆகவே ப − 1 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331.

எழுதியதும் திரும்பப் பெருக்கி 2147483646 வருகிறதா என்று பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அநேகம். 3² என்பதை 3 என்று எழுதிவிட்டு அடுத்த இரண்டு படிகளைத் தவறாகச் செய்வார்கள். 151, 331 இரண்டும் பகா எண்களா என்பதையும் இங்கேயே சோதித்துவிட வேண்டும். முதலாவதற்கு 11 வரையும் இரண்டாவதற்கு 17 வரையும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பின்னால் வரும் நிரூபணம் இந்தக் காரணிகளின் மேல்தான் நிற்கிறது. அவற்றில் ஒன்று பகு எண்ணாக இருந்தால் மொத்தமும் சரியும்.

3. வேகமாக அடுக்கு எடுத்தல்

7-இன் 2147483646 ஆம் அடுக்கு போன்ற கணக்குகள் இனி வரிசையாக வரும். அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு ஒரேயொரு முறை மீதி எடுக்கப் பார்த்தால் கணினி நின்றுவிடும். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதி எடுக்க வேண்டும். அடுக்கை இருமத்தில் எழுதி, வர்க்கப்படுத்திக்கொண்டே போய், 1 வரும் இடங்களில் மட்டும் அடியால் பெருக்கினால் ஏறத்தாழ 60 பெருக்கலில் வேலை முடியும். பைத்தானில் பவ் என்ற செயல்கூறுக்கு அடி, அடுக்கு, மட்டு என மூன்று எண்களைக் கொடுத்தால் அது இதைத்தான் செய்கிறது. மூன்றாவது எண்ணை அதற்குள்ளேயே கொடுங்கள், வெளியே விழுக்காட்டுக் குறி போட்டு அல்ல.

ப-வுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 2³¹ ≡ 1 என்பதால் மீதி எடுக்க வகுத்தலே தேவையில்லை. எண்ணை இருமத்தில் எழுதி, கீழ் 31 பிட்டுகளைத் தனியே, அதற்கு மேல் உள்ளதைத் தனியே வெட்டி, இரண்டையும் கூட்டினால் போதும்.

உதாரணமாக 100000-இன் வர்க்கம் 10000000000. இதை 2147483648 ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 1410065408. இரண்டையும் கூட்டினால் 1410065412. அதுவே ப-வை மட்டாக வைத்த விடை.

இங்கே இரண்டு தவறுகள் சகஜம். கூட்டிய விடை ப-வைவிடப் பெரிதாக இருக்கலாம். அப்போது ஒருமுறை ப-வைக் கழிக்க வேண்டும். விடை சரியாக ப-வாகவே வரலாம், அது பூஜ்யம். இரண்டாவதைக் கவனிக்காதவர்களுக்கு ஐந்தாவது படியில் விடை பூஜ்யத்துக்குப் பதிலாக 2147483647 என்று வந்து நிற்கும். 'பகா எண் இல்லை போல' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

4. நிரூபணம், முதல் வழி: வகுத்துப் பார்த்தல்

வகுப்பதற்கு முன் ஒரு பொறியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாதி நிரல்கள் ஃபெர்மா சோதனையை அடி 2 வைத்து ஓட்டுகின்றன: 2-இன் (ப − 1) ஆம் அடுக்கு 1 என்றால் பகா எண் என்கின்றன. நம் வகை எண்களுக்கு இந்தச் சோதனை சுத்தமாகப் பயனற்றது. அடுக்கு பகா எண்ணாக உள்ள எந்த 2-அடுக்கு-கழித்தல்-1 எண்ணும் இதில் தேறிவிடும், பகு எண்ணாக இருந்தாலும்கூட. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2¹¹ ≡ 1 (மட்டு 2047). 2046 என்பது 11-இன் மடங்கு. எனவே 2-இன் 2046 ஆம் அடுக்கும் 1 ஆகத்தான் இருக்கும். சோதனை தேர்ச்சி, எண் பகு எண்! ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவமான மில்லர்–ராபின் சோதனையையும் 2047 அடி 2-இல் ஏமாற்றிவிடும். அடி 3-க்கு மாறுங்கள். அதுவும் நிரூபணம் ஆகாது, சந்தேகத்தைக் குறைக்கும், அவ்வளவே.

சரி, வகுத்தலுக்கு வருவோம். 46340² = 2147395600; 46341² = 2147488281. இரண்டுக்கும் நடுவில் ப இருப்பதால் 46340 வரை சோதித்தால் போதும். அதுவரை சுமார் 4,800 பகா எண்கள் உள்ளன. அத்தனையையும் தொட வேண்டியதில்லை என்று காட்டியவர் ஆய்லர். இந்த எண் பகா எண் என்ற அவருடைய முடிவு 1772-இல் வெளிவந்தது. அவருடைய வடிகட்டல் இப்படிப் போகிறது.

ச என்ற பகா எண் ப-வை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ ≡ 1 (மட்டு ச). மட்டு ச-வில் 2-இன் எந்த மிகச் சிறிய அடுக்கு 1 ஆகிறதோ அதை 2-இன் வரிசை என்போம். அது 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், வரிசை 1 ஆக இருக்க வழியில்லை, ஆகவே வரிசை 31. ஃபெர்மாவின்படி அது ச − 1-ஐயும் வகுக்கும். ச ஒற்றை எண் என்பதால் ச − 1 என்பது 62-இன் மடங்கு.

அடுத்த வடிகட்டி: 2³² ≡ 2 (மட்டு ச). இடப்பக்கம் 2¹⁶-இன் வர்க்கம். அதாவது மட்டு ச-வில் 2 ஒரு வர்க்க எண். அது நடக்க ச-வை 8 ஆல் வகுத்த மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால் ச என்பது 248ந + 1 அல்லது 248ந + 63 வடிவில் மட்டுமே இருக்க முடியும். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் மொத்தமே 373. அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள்: 63, 249, 497, 559 எல்லாம் போய்விடும். முதலில் நிற்பது 311. 2147483647-ஐ அதனால் வகுத்தால் மீதி 35. இப்படியே ஒவ்வொன்றாக. நிரலில் செய்தால் பகு எண்களைத் தனியே நீக்க மெனக்கெட வேண்டாம். 373 வகுத்தல் கண்ணிமைக்கும் நேரம். தாளில் செய்தால் நீக்கிவிடுங்கள்.

நிரலில் விழும் பள்ளம் வேறு. 'ச × ச ≤ ப இருக்கும்வரை ஓடு' என்று 32 பிட்டில் எழுதினால் ச 46340-ஐத் தாண்டியதும் பெருக்கல் வழிந்து விடை எதிர்மறை எண்ணாகிவிடும். எதிர்மறை எண் ப-வைவிடச் சிறியதுதானே, சுற்று நிற்காமல் ஓடும். வர்க்கமூலத்தைத் தசம எண்ணாக எடுத்து வெட்டுவதும் இந்த அளவில் தப்பித்துவிடும், பெரிய எண்களில் காலை வாரும். பைத்தானில் முழு எண் வர்க்கமூலத்துக்கு ஐஸ்குவர்ட் (isqrt) என்ற தனிச் செயல்கூறு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

5. நிரூபணம், இரண்டாம் வழி: லூகாஸ்–லெமர்

இது ப + 1-ஐ நம்பி நிற்கும் சோதனை. ப + 1 முழுக்க 2-இன் அடுக்காக இருப்பதால் சோதனை ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி, 2 கழித்து, மட்டு ப-வில் மீதி எடுங்கள். 31 − 2 = 29 படிகளுக்குப் பிறகு பூஜ்யம் வந்தால் ப பகா எண். வராவிட்டால் பகு எண். நடுவில் 'இருக்கலாம்' என்ற பேச்சே இல்லை.

நேராக ப-வில் ஓட்டாமல் இரண்டு சின்ன எண்களில் ஒத்திகை பாருங்கள். 2⁵ − 1 = 31-க்கு: 4, 14, 8, 0. மூன்று படியில் பூஜ்யம், பகா எண். 2047-க்கு: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பது படி முடிந்தும் பூஜ்யம் இல்லை, பகு எண். உங்கள் நிரல் இவ்விரண்டையும் அப்படியே தந்தால் மட்டுமே மேலே போங்கள்.

இனி ப-வுக்கு: 4, 14, 194, 37634, 1416317954. இதுவரை மீதி எடுக்க வேலையே வராது. ஐந்தாவது படியில்தான் முதல் மீதி, 669670838. இங்கே உங்கள் விடை மாறினால் பெருக்கலில் இலக்கம் தொலைகிறது என்று அர்த்தம். இந்த வழிகாட்டியின் முதல் பகுதிக்குப் போய் எண் வகையைப் பாருங்கள். 28 ஆவது படியில் 65536 வரும். அதன் வர்க்கம் 2³². 2 கழித்தால் 2³² − 2, அதாவது சரியாக 2ப. ஆகவே 29 ஆவது படி பூஜ்யம்.

வழக்கமான பிழை படிகளை எண்ணுவதில். 4-ஐயே முதல் படியாக எண்ணி ஒன்று குறைத்துவிடுவார்கள், அல்லது 31 முறை ஓட்டுவார்கள். பூஜ்யத்துக்குப் பிறகும் ஓட்டினால் −2, பிறகு 2, அப்புறம் கடைசிவரை 2 தான். கடைசி விடையாக 2 வந்தால் சுற்றின் எண்ணிக்கையைத் திருத்துங்கள்.

இந்தச் சோதனையின் அருமை எண் பெரிதாகும்போது தெரியும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை வகுத்துப் பார்ப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் அதன் ப + 1 தெரிந்த ஒன்று, ஆகவே லூகாஸ்–லெமர் ஓடும். தேடும் குழுவினர் முதல் வடிகட்டலுக்கு ஃபெர்மா வகைச் சோதனையை அடி 3 வைத்து ஓட்டுகிறார்கள்; அடி 2 ஏன் உதவாது என்பதை முந்தைய படியில் பார்த்துவிட்டோம்.

6. முதன்மை மூலம் தேடல்

எந்த எண்ணின் அடுக்குகளை எடுத்துக்கொண்டே போனால் 1 முதல் ப − 1 வரை உள்ள அத்தனை எண்களும் ஒருமுறை வந்துவிடுமோ, அதுதான் முதன்மை மூலம். வேறு சொல்லில், அதன் வரிசை சரியாக ப − 1.

எந்த எண்ணின் வரிசையும் ப − 1-ஐ வகுக்கும். ப − 1-க்கு 192 வகுத்திகள் இருந்தாலும் 192-ஐயும் சோதிக்க வேண்டாம். வரிசை ப − 1-ஐவிடக் குறைவாக இருந்தால், 2, 3, 7, 11, 31, 151, 331 என்ற ஏழு பகா காரணிகளில் ஏதாவது ஒன்றால் ப − 1-ஐ வகுத்த அடுக்கிலேயே 1 வந்துவிடும். ஆகவே ஏழே ஏழு அடுக்குக் கணக்குகள். ஒன்றிலும் 1 வராவிட்டால் முதன்மை மூலம் கிடைத்துவிட்டது.

சிறிய எண்ணிலிருந்து வருவோம்.

2: இதன் வரிசை வெறும் 31. உடனே தள்ளுங்கள். 4-உம் அப்படியே.

3: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3-இன் (ப − 1)/2 ஆம் அடுக்கு −1, அதாவது 2147483646. அதைப் பார்த்ததும் 'முதன்மை மூலம் கிடைத்தது' என்று நிறுத்திவிடுவார்கள். அடுத்த சோதனையில், (ப − 1)/3 ஆம் அடுக்கில், 1 வந்துவிடுகிறது. 3 ஒரு கன எண், அதாவது மட்டு ப-வில் ஏதோ ஓர் எண்ணின் கனம், எனவே தேறாது.

5: இதுவும் முதல் சோதனையைத் தாண்டும், கன சோதனையையும் தாண்டும், மற்ற ஐந்தில் ஏதோ ஒன்றில் விழும். எந்தக் காரணியில் விழுகிறது என்பதை உங்கள் நிரலிடமே கேளுங்கள், நல்ல பயிற்சி.

6: கணக்கே தேவையில்லை. 2-உம் கன எண், 3-உம் கன எண். பெருக்கற்பலனும் கன எண்ணே.

7: ஏழு சோதனைகளையும் தாண்டுகிறது. ப-வின் மிகச் சிறிய முதன்மை மூலம் இதுவே.

3² விஷயத்தில் (ப − 1)/9-ஐச் சோதிப்பது இன்னொரு பொதுவான தவறு. வகுக்க வேண்டியது பகா காரணியால், அதன் அடுக்கால் அல்ல. (ப − 1)/9-இல் 1 வராத எண்ணுக்கும் (ப − 1)/3-இல் 1 வரலாம்.

மொத்தம் எத்தனை முதன்மை மூலங்கள்? ஆய்லர் சார்பை (ஓர் எண்ணைவிடச் சிறியதாய், அதோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை) ப − 1-க்குப் போட்டால் 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330 = 53,46,00,000. எல்லா எண்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒன்று. அதனால் கண்ணை மூடிக்கொண்டு எண்களை எடுத்துச் சோதித்தாலும் சீக்கிரமே ஒன்று மாட்டும்.

இந்தப் படி ஒரு கூடுதல் வேலையையும் முடித்துவிடுகிறது. 7-இன் (ப − 1) ஆம் அடுக்கு 1, ஏழு குறை அடுக்குகளிலும் 1 இல்லை என்றால், வரிசை சரியாக ப − 1. பகு எண்ணை மட்டாக வைத்தால் அவ்வளவு நீண்ட வரிசைக்கு இடமே கிடையாது. ஆக, ப பகா எண் என்பதற்கு இது மூன்றாவது நிரூபணம். யாராவது உங்களிடம் ஆதாரம் கேட்டால் '7' என்ற எண்ணையும் ப − 1-இன் காரணிகளையும் கொடுங்கள். எட்டு அடுக்குக் கணக்கில் அவரே சரிபார்த்துக்கொள்வார்.

7. வர்க்க எச்சமும் வர்க்கமூலமும்

ப-வை 4 ஆல் வகுத்தால் மீதி 3, 8 ஆல் வகுத்தால் 7. இந்த இரண்டு மீதிகளும் பல கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லும். −1 வர்க்க எண் அல்ல. ஆகவே பூஜ்யமல்லாத அ, −அ இரண்டில் சரியாக ஒன்றுதான் வர்க்க எண். 2 வர்க்க எண். ப-வை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது.

வர்க்கமூலம் எடுக்க: அ-வின் (ப + 1)/4 ஆம் அடுக்கு. பொதுவாக 4 ஆல் வகுத்து 3 மீதி வரும் எல்லாப் பகா எண்களுக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தும். நம் ப-வுக்கு (ப + 1)/4 = 2²⁹. அதாவது 29 முறை வர்க்கப்படுத்து, முடிந்தது. இடையில் ஒரு பெருக்கல்கூடக் கிடையாது. பக்கத்து எண் ப + 1 மறுபடியும் உதவுகிறது.

2-இல் போட்டுப் பாருங்கள். 2-இன் வரிசை 31 என்பதால் 2²⁹-ஐ 31 ஆல் வகுத்த மீதிதான் அடுக்காக நிற்கும். 2⁵ ≡ 1 (மட்டு 31), ஆகவே 2²⁹ ≡ 2⁴ = 16. விடை 2¹⁶ = 65536. லூகாஸ்–லெமரின் 28 ஆவது படியில் பார்த்த அதே எண்.

விடை வந்ததும் அதை வர்க்கப்படுத்திப் பாருங்கள். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சூத்திரம் வர்க்கமல்லாத எண்ணுக்கும் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். 3-ஐப் போட்டால் வரும் எண்ணின் வர்க்கம் 3 அல்ல, −3. பிழைச் செய்தி எதுவும் வராது. 3-க்கு வர்க்கமூலம் இல்லை என்பதற்கு அந்த −3 தான் அடையாளம்.

  

8. பெருக்கல் நேர்மாறு

அ-வின் நேர்மாறு என்பது அதோடு பெருக்கினால் மட்டு ப-வில் 1 தரும் எண். இரண்டு வழிகள்: அ-வின் (ப − 2) ஆம் அடுக்கு, அல்லது நீட்டிக்கப்பட்ட யூக்ளிட் முறை. முதலாவது எழுத எளிது, ஆனால் ப பகா எண்ணாக இருந்தால்தான் சரி. நிரூபணத்தை முன்னால் வைத்தது அதனால்தான். இரண்டாவது வேகமானது, மட்டு பகு எண்ணாக இருந்தாலும் மீ.பொ.வ. 1 என்றால் வேலை செய்யும்.

சோதிக்கச் சில விடைகள்: 2-இன் நேர்மாறு 2³⁰ = 1073741824. 7-இன் நேர்மாறு 1840700269. 16807-இன் நேர்மாறு 1407677000.

அடுக்கை ப − 1 என்று போட்டுவிட்டு எல்லா எண்ணுக்கும் விடை 1 வருகிறதே என்று குழம்புவது இங்கே நடக்கும். பின்னத்தைத் தசமமாக வகுத்துவிட்டு அதற்கு மீதி எடுப்பது அதைவிட மோசம். வகுத்தல் என்ற சொல்லையே மறந்துவிட்டு, நேர்மாறால் பெருக்குங்கள்.

9. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் சோதித்தல்

16807 = 7⁵. 5 என்பது ப − 1-ஐ வகுக்காததால் 7⁵-உம் முதன்மை மூலமே. 1-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 16807 ஆல் பெருக்கி மீதி எடுத்தால் 2147483646 எண்களும் வந்த பிறகே வரிசை திரும்பும். லூயிஸ், குட்மேன், மில்லர் ஆகியோர் 1969-இல் முன்வைத்த சமவாய்ப்பு எண் உருவாக்கி இதுதான். 1988-இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தார்கள். சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்திலும் இருக்கிறது.

முதல் ஐந்து எண்கள்: 16807, 282475249, 1622650073, 984943658, 1144108930. பத்தாயிரமாவது எண் 1043618065. உங்கள் நிரல் இதைத் தந்தால் பெருக்கலும் மீதி எடுப்பும் சரி. பத்தாயிரம் படிகளில் எங்கேனும் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் இந்த எண் வராது.

தொடக்க எண்ணாக 0 அல்லது ப-வின் மடங்கைக் கொடுத்துவிடாதீர்கள். கடைசிவரை பூஜ்யமே வரும். 32 பிட் கருவியில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் ப = 16807 × 127773 + 2836 என்ற பிரிப்பைப் பயன்படுத்துங்கள். எண்ணை 127773 ஆல் வகுத்து, மீதியை 16807 ஆலும் ஈவை 2836 ஆலும் பெருக்கி, முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். விடை எதிர்மறையானால் ப-வைக் கூட்டுங்கள். எந்த இடத்திலும் வழியாது.

கடவுச்சொல், குலுக்கல் பரிசு போன்றவற்றுக்கு இதை எடுக்கவே கூடாது. ஒரேயொரு எண் வெளியே தெரிந்தால் அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும். முந்தையதும் தெரியும்: 1407677000 ஆல் பெருக்கினால் வரிசை பின்னோக்கி ஓடும்.

10. வேறு எண்ணுக்கு மாறும்போது

2⁶¹ − 1 = 2305843009213693951 எடுத்தால் படிகள் எதுவும் மாறாது. 2⁶⁰ − 1 மேலே செய்தது போலவே அழகாக உடையும், லூகாஸ்–லெமர் 59 படி. பெருக்கல் மட்டும் 64 பிட்டைத் தாண்டும்.

நிரல் போட்டிகளில் அடிக்கடி வரும் 1000000007-க்கு ப − 1 = 2 × 500000003. ஏழு சோதனைகள் இரண்டாகக் குறையும், முதன்மை மூலம் 5. ஆனால் 500000003 பகா எண்தான் என்பதைத் தனியே நிரூபித்த பிறகே அந்தச் சான்று செல்லும். ப + 1 இரண்டின் அடுக்கு இல்லை, ஆகவே ஐந்தாவது படியை விட்டுவிடுங்கள். நான்காவது படியின் வடிகட்டிகளும் இல்லை. 31622 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும். ஏழாவது படியின் வர்க்கமூலச் சூத்திரம் இருக்கும், ஏனென்றால் 4 ஆல் வகுத்த மீதி இங்கும் 3.

998244353 = 119 × 2²³ + 1 என்றால் அந்தச் சூத்திரமும் போய்விடும்; 4 ஆல் வகுத்த மீதி 1. அங்கே டொனெல்லி–ஷாங்க்ஸ் என்ற வர்க்கமூல முறைக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் கேட்கப்படுவதும் ப − 1-இல் எத்தனை இரண்டுகள் இருக்கின்றன என்பதும், வர்க்கமல்லாத ஓர் எண்ணும்தான். முதலாவதற்கு விடை 23; இரண்டாவதற்கு 3-ஐக் கொடுக்கலாம், இந்த எண்ணுக்கு அதுவே முதன்மை மூலம்.